ஒரே பில் இருமுறை போன கதை

வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பும் சேவையை, அதாவது மற்ற நிரல்கள் அழைத்து வேலை வாங்கும் ஒரு நிரலை, ஆர்டர் பகுதிக்காக மட்டுமே எழுதினேன். பிறகு பில்லிங் குழு கேட்டது, கடவுச்சொல் மாற்றும் பகுதியும் கேட்டது. ஆளுக்கொரு நிபந்தனை சேர்த்ததில், அந்த நிரல் ஊர் வம்பெல்லாம் தெரிந்த கிழவியாகிவிட்டது. ஆர்டர் அட்டவணையைத் தேடும் வரிகளைப் பிடுங்கி எறிந்தேன். பெறுநர், வார்ப்புரு (செய்தியின் மாதிரி வடிவம்), அதில் நிரப்ப வேண்டிய மதிப்புகள் ஆகியவற்றை அழைப்பவரே தரட்டும் என்று வைத்தேன்.

அப்போதுதான் உண்மையான தலைவலி தொடங்கியது. பதில் தாமதமானதால் பில்லிங் நிரல் அதே கோரிக்கையோடு என் சேவையை மறுபடி அழைத்தது. முதல் அழைப்பு ஏற்கெனவே வேலையை முடித்திருந்தது. வாடிக்கையாளருக்கு ஒரே பில் இருமுறை போனது. எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் அழைப்பவர் ஓர் அடையாள எண் தர வேண்டும், மறுமுயற்சியிலும் அதே எண்தான் வர வேண்டும் என்றேன். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதும்படி செய்தது என் அசட்டுத்தனம். ஒரே நொடியில் வந்த இரண்டு அழைப்புகளும் அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டன. தரவுத்தளத்திலேயே அந்த எண் ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாட்டைப் போட்டு, அதை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அனுப்பும்படி மாற்றிய பின்தான் புகார் நின்றது.

ஆர்டர் குழு இன்னும் பழைய வடிவத்திலேயே அழைக்கிறது. அதனால் கோரிக்கையில் புதிய புலங்களை (தர வேண்டிய விவரங்களுக்கான இடங்களை), தராவிட்டாலும் பரவாயில்லை என்ற வகையிலேயே சேர்க்கிறேன்.