ஸ்மார்ட் வீட்டின் திரையைத் தனிப்பயனாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளக்கு, மின்விசிறி, ஏசி, கீசர், வாசல் பூட்டு எல்லாவற்றையும் ஒரே செயலியிலிருந்து இயக்கும் வீடுகள் பெருகிவருகின்றன. அந்தச் செயலியின் இடைமுகத்தை அவரவருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வசதியும் கூடவே வந்துவிட்டது. கைப்பேசிக்குப் பொருந்தும் முறைகளை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருவதால்தான் இதில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. கைப்பேசி ஒருவருக்குரியது, வீடோ பலர் சேர்ந்து புழங்கும் இடம், அதிலும் இருட்டிலும் ஈரக் கையோடும் அவசரத்திலும் பொத்தானைத் தேட வேண்டிய இடம்.

அடிக்கடி காணப்படும் தவறு, பொத்தான்களைத் தாமாக இடம் மாற விடுவதுதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை ஆஃபிஸ் 2000 தொகுப்பிலேயே செய்து பார்த்தது. பயனர் அதிகம் தொடாத கட்டளைகளை மறைத்துவிட்டு, அடிக்கடி பயன்படுபவற்றை மட்டும் பட்டியலில் காட்டும் முறை அது. நேற்று இருந்த கட்டளை இன்று கண்ணில் படாததால் எரிச்சலடைந்தவர்கள் அந்த வசதியை அணைத்து வைத்தார்கள். 2007 பதிப்பில் அந்தப் பட்டியல்களின் இடத்தில், கட்டளைகளைத் திரையின் மேற்பகுதியில் விரித்துக் காட்டும் ‘ரிப்பன்’ பட்டை வந்தது. கடிதம் தட்டச்சு செய்யும்போது இதனால் சில நொடிகள்தான் வீணாகும். வீட்டில் அப்படியில்லை. காலை ஆறு மணிக்குத் திரையின் இடது மூலையில் கீசர் பொத்தானையும், எட்டு மணிக்கு மேல் அதே மூலையில் கூடத்து விளக்கின் பொத்தானையும் காட்டுகிற செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளித்துவிட்டு அவசரமாகக் கிளம்புகிறவர் திரையைப் படிப்பதில்லை, விரல் பழகிய இடத்துக்குப் போகிறது. விளக்கு எரியத் தொடங்கும், கீசர் அணையாமலே கிடக்கும். ஆகவே அறைவாரியாக அமைந்த முதன்மைப் பொத்தான்கள் நகரவே கூடாது. நேரத்துக்கேற்ற பரிந்துரை தேவையென்றால் திரையின் மேற்பகுதியில் அதற்கென ஒரு பட்டையை ஒதுக்கி, மூலப் பொத்தானை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் நகலை மட்டும் அங்கே காட்டலாம். தாமாக மாறும் இடைமுகங்களை ஒப்பிட்டு 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும் இந்த முறையே பயனர்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்றது.

இதைவிட நுட்பமான தவறு, குடியிருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. 1990-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில், மைக்கேல் மோசர் என்ற கணினியியல் பேராசிரியர் தாம் குடியிருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தையே தானாகக் கற்றுக்கொள்ளும் வீடாக மாற்றினார். மின்செலவையும் குடியிருப்பவரின் அசௌகரியத்தையும் சேர்த்துக் குறைப்பது அதன் இலக்கு. அவர் தாமே விளக்கின் அளவை மாற்றினால் அதை அசௌகரியம் என்று வீடு கணக்கிடும். அவ்வப்போது வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துப் பார்த்து, அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த அளவே போதும் என்று கற்றுக்கொள்ளும். அமைப்பை உருவாக்கியவரே குடியிருக்கும் வீட்டில் இது பொருத்தமான சோதனைதான். எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று தயங்கி அரையிருட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டியோ விருந்தாளியோ இருக்கும் வீட்டில், அந்தத் தயக்கமே விருப்பமாகப் பதிவாகிவிடும்.

ஒரு முறை செய்ததை வழக்கமாக எடுத்துக்கொள்வதும் அதே வகைத் தவறு. 2011-இல் அறிமுகமான நெஸ்ட் வெப்பநிலைச் சீராக்கி, பயனர் அதன் வளையத்தைத் திருப்புவதைக் கவனித்துத் தானே அட்டவணை போடும் கருவி. அதைப் பயன்படுத்தியவர்களிடம் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கருவி தங்கள் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதையும், அது ஏன் அப்படிச் செய்கிறது என்று விளங்காததையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது இரண்டு நாள் ஏசியை 28 டிகிரியில் வைத்தால், அது குடும்பத்தின் பழக்கமாகிவிடாது. “இந்த வாரம் ஐந்து இரவுகள் பத்து மணிக்கு ஏசியை 26 டிகிரிக்கு மாற்றினீர்கள், இனி நானே மாற்றட்டுமா?” என்று செயலி காரணத்தோடு கேட்க வேண்டும். இன்று மட்டும், எப்போதும், வேண்டாம் என்ற மூன்று விடைகளும் அந்தக் கேள்வியின் கீழேயே இருக்க வேண்டும். கற்றுக்கொண்டவற்றின் பட்டியலைப் பார்க்கவும் ஒவ்வொன்றாக நீக்கவும் வழியில்லாத செயலியை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரும்பாலும் வீட்டில் கருவிகளைப் பொருத்தியவரின் கணக்கே முதன்மைக் கணக்காக இருந்துவிடுகிறது, மற்றவர்கள் அவர் கொடுத்த அளவுக்குத்தான் இயக்க முடியும். இது வெறும் சிரமத்தோடு முடிவதில்லை. பூட்டு, கேமரா, வெப்பநிலைக் கருவி ஆகியவற்றைக் கொண்டு துணைவரைக் கண்காணித்துத் துன்புறுத்திய நிகழ்வுகளைப் பற்றி 2018-இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, குறைந்தது இருவருக்கு முழு உரிமை, யார் எதை இயக்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் பதிவு ஆகிய மூன்றையும் முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

திரையில் கவனம் செலுத்திச் சுவரை மறந்துவிடுவதும் உண்டு. ஸ்மார்ட் பல்பு மாட்டிய அறையில் யாராவது சுவிட்ச் போர்டில் அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது. செயலியில் அதன் பொத்தான் சாம்பல் நிறமாகி, இணைப்பில் இல்லை என்று காட்டும். உடனே சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, தொடக் கூடாது என்று எழுதி வைக்கிறார்கள். பழகிய சுவிட்சைப் பறித்துவிட்டு எதைத் தனிப்பயனாக்கி என்ன பயன்? சாதாரண பல்பையே வைத்துக்கொண்டு, சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், செயலியின் கட்டளைப்படி மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் சிறிய ரிலே கருவியைப் பொருத்தினால் சுவிட்ச், செயலி, குரல் மூன்றும் வேலை செய்யும். இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவைப்படுவதால், போர்டுக்கு அது வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கியதோடு முதியவர்களுக்கான ஏற்பாடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘படுக்கையறை மின்விசிறி’ பாதியில் வெட்டுப்படும். தமிழில் பெயரிட்டபின் ஒவ்வொரு பொத்தானையும் பெரிய எழுத்தளவில் பார்த்துவிடுவது நல்லது. தொடுமிடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். நடுங்கும் விரல்களுக்கு அதுவும் சிறியதே. நிறத்தை மட்டும் நம்பாமல் நிலையைச் சொல்லாலும் காட்ட வேண்டும்.

இவ்வளவு பொறுமையாக அமைத்தவை அனைத்தும் நிறுவனத்தின் சேவையகத்தில் மட்டுமே இருந்தால், அது நிற்கும் நாளில் அவையும் போய்விடும். நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கிய ரிவால்வ் நிறுவனத்தின், வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் மையக் கருவி, 2016 மே மாதம் சேவை நிறுத்தப்பட்டதும் பயனற்றுப்போனது. ஹோம் அசிஸ்டென்ட் போன்று வீட்டுக்குள்ளேயே இயங்கும் திறமூல அமைப்புகளில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் அவற்றைப் பராமரிக்கக் கொஞ்சம் தொழில்நுட்பப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள், இணையம் துண்டிக்கப்பட்டாலும் இந்தத் திரையிலிருந்து விளக்கு எரியுமா, அமைப்புகளைக் கோப்பாக நகலெடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று வாங்கும்போதே விற்பனையாளரிடம் கேட்டு, முடிந்தால் இயக்கிக் காட்டச் சொல்லலாம்.