போனில் எழுதி அச்சகத்துக்கு அனுப்புவது எப்படி? ('இ' வந்து குந்தாமல்)

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில்தான் நான் கணினியைக் கைவிட்டேன். எங்கள் சனசமூக நிலையத்து மலருக்கு ஒரு கட்டுரை கொடுப்பதாக வாய் விட்டிருந்தேன். மேசையில் கணினி செத்துக் கிடக்கிறது, கையில் போனும் பாதி சார்ஜில் ஒரு பவர் பாங்கும். வேறு வழியில்லாமல் தொடங்கியது, இப்போது எல்லாவற்றையும் போனிலேயே எழுதுகிறேன். எழுதுவது ஒரு கிழமையில் பழகிவிட்டது. எழுதியதை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஓர் அச்சகத்துக்குக் கொடுக்கப் போனபோதுதான் மாட்டுப்பட்டேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

செயலி இறக்குவது, ஜிமெயில் கணக்கு வைத்திருப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: விசைப்பலகை

பெரும்பாலானோர் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் தமிழாக்குகிறார்கள். வட்ஸ்அப்பில் நலம் விசாரிக்க அது போதும். நாலு பக்கக் கட்டுரைக்குச் சரிவராது. ல, ள, ழ மூன்றுக்கும் ந, ன, ண மூன்றுக்கும் ஒவ்வொரு முறையும் மேலே வரும் பரிந்துரையைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டும். கண் அங்கே போனால் வசனம் கையை விட்டுப் போய்விடும்.

என் தெரிவு தமிழ்99, அதாவது தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் விசை அமைப்பு. ஆண்ட்ராய்டில் 'செல்லினம்' செயலியை இறக்கி, அதில் தமிழ்99 ஐத் தெரிவு செய்யுங்கள். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசை. உயிரெல்லாம் இடப்பக்கம், மெய்யெல்லாம் வலப்பக்கம். இரண்டு பெருவிரலால் தட்டுகிறவர்களுக்கென்றே செய்தது போல இருக்கும், 1999 இல் இதை வகுத்தவர்கள் கணினியை நினைத்துத்தான் வகுத்தார்கள் என்றாலும்.

செல்லினத்தை இயக்கும்போது, நீங்கள் தட்டுவதையெல்லாம் இது சேகரிக்கக்கூடும் என்று போன் ஓர் எச்சரிக்கை காட்டும். வெளியிலிருந்து இறக்கும் எந்த விசைப்பலகைக்கும் ஆண்ட்ராய்டு அதையே காட்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என் போனைத் தொடவில்லை.

படி 2: புள்ளி

தமிழ்99 இல் ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். க, க என்றால் 'க்க'. ந, த என்றால் 'ந்த'; ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் அப்படியே. 'கொக்குவில்' எழுத க, ஒ, க, க, உ, வ, இ, ல, புள்ளி. ஒன்பது தட்டு, முடிந்தது.

எனக்கு இடறியது பப்பாசி. ப, ப, ப, ஆ என்று தட்டினேன். புள்ளி முதல் 'ப'வில் போய்க் குந்திவிட்டது. அழித்து அழித்து ஐந்து தரம் தட்டியிருப்பேன். விஷயம் இதுதான்: புள்ளி வேண்டாத இடத்தில் இடையில் 'அ'வைத் தட்டவேண்டும். ப, அ, ப, ப, ஆ, ச, இ. சசி என்ற பெயருக்கும் ச, அ, ச, இ.

படி 3: எங்கே எழுதுவது

கூகுள் டொக்ஸ். ஒவ்வொரு கோப்புக்கும் 'ஒஃப்லைன்' தெரிவைப் போட்டுவிடுங்கள், டேட்டா முடிந்தாலும் எழுதலாம். வட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி எழுதுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், செய்யாதீர்கள். ஜிபோர்டின் (கூகுளின் விசைப்பலகைச் செயலி) கிளிப்போர்டை நம்பியும் பந்திகளை வெட்டி வைக்காதீர்கள். 'பின்' குத்தி வைக்காத எதையும் ஒரு மணித்தியாலத்தில் அது அழித்துவிடும்.

படி 4: அச்சகம்

கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினேன். "அண்ணை, இது யூனிகோட். எங்களுக்குப் பாமினியில வேணும்" என்று அச்சகத்துத் தம்பி சொன்னான். யூனிகோட் என்பது போனிலும் இணையத்திலும் நாம் பாவிக்கும் பொதுவான எழுத்து முறை. அவர்கள் பக்கம் கட்டுவது பேஜ்மேக்கரில். 2001 இல் வந்த 7 ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள், யூனிகோட் தமிழ் அதற்கு விளங்காது. பாமினி எழுத்துருவோ உள்ளே வெறும் ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகம்.

மாற்றுவது லேசு. யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றும் இணையப் பக்கங்கள் பல உண்டு. ஒட்டி, அழுத்தி, பிரதி எடுக்கலாம். வருவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். போனில் பாமினி எழுத்துரு இல்லாததால் அப்படித் தெரிகிறது, பழுதில்லை.

நான் செய்த மடைவேலை என்னவென்றால், மாற்றிய பிறகு ஓரிடத்தில் ஊர்ப் பெயர்களுக்கு இடையில் காற்புள்ளி விட்டுப்போனதைக் கண்டு, அந்தக் குழம்பலுக்குள்ளேயே கையால் போட்டேன். அச்சில் வந்தது: 'கோண்டாவில்இ இணுவில்இ சுன்னாகம்இ மல்லாகம்'. பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'! இணையச் செய்திகளில் பெயருக்குப் பெயர் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு சிரித்திருப்பீர்கள், அதுவும் இதே கோளாறுதான். மலர் 300 பிரதி அடித்து முடிந்துவிட்டது. தலைவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது.

ஆகவே மாற்றிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். திருத்தம் இருந்தால் டொக்ஸில் உள்ள மூலத்தில் திருத்தி, முழுவதையும் திரும்ப மாற்றுங்கள். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாகத்தான் அச்சாகும்; முன்கூட்டியே தமிழில் எழுதிவிடுங்கள், அல்லது எந்த இடம் என்று அச்சகத்துக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது வட்ஸ்அப் செய்தியாக ஒட்டவேண்டாம். பாமினியில் 'ஷ' இருப்பது ஓர் அலைக்குறியில் (~). வட்ஸ்அப்போ அதே குறியை எழுத்தைக் குறுக்கே வெட்டப் பாவிக்கிறது. மாற்றியதைப் புதிய டொக்ஸ் கோப்பில் ஒட்டி, வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து இணைப்பாக அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை: ஐபோனுக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனிச் செயலி தேவையில்லை. தமிழ்99 உம், ஆங்கில எழுத்தொலியில் தட்டும் 'அஞ்சல்' அமைப்பும் உள்ளேயே இருக்கின்றன, விசைப்பலகைப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் போதும்.

இன்னொரு பிற்சேர்க்கை: பெருவிரல் பருமன், பிழைவிட்ட எழுத்துக்கு நடுவே போய் நிற்க முடியவில்லை என்று நெல்லியடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஜிபோர்டில் இடைவெளி விசையின் மேல் விரலை இடமும் வலமும் இழுத்தால் குறி எழுத்தெழுத்தாக நகரும். ஐபோனில் அதே விசையைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டு இழுக்கவேண்டும்.

குரலால் எழுதுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஜிபோர்டில் தமிழ் (இலங்கை) என்று தனியாகவே இருக்கிறது, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திவிட்டுக் கதைக்கலாம். வானொலிச் செய்தி வாசிக்கிறது போலக் கதைத்தால் நன்றாக எழுதுகிறது. 'பேந்து', 'உங்கை' என்று நான் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் அது தன்பாட்டில் வேறு கதை எழுதுகிறது. முதல் வரைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளியை எப்படியும் கையால்தான் போடவேண்டிவரும், அதையும் மாற்றுவதற்கு முன்பே.