கிரேக்க ஈஸ்டருக்குப் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

ஈஸ்டர் சமயத்தில் கிரீஸுக்குப் போக நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, வீட்டுக் காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடுவது. லண்டனிலும் பாரிஸிலும் விடுமுறை விடும் ஈஸ்டர் வேறு, கிரேக்கர்களின் ஈஸ்டர் வேறு. கிரேக்கர்கள் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இந்த நாளை இன்றும் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்தே கணிக்கிறது. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று சேர்ந்து வந்தன. 2024இலோ லண்டன், பாரிஸ் ஈஸ்டர் மார்ச் 31, கிரேக்க ஈஸ்டர் மே 5. 2027இலும் மார்ச் 28, மே 2 என்று ஐந்து வாரம் தள்ளிப் போகிறது. தேதியை உறுதி செய்துகொண்ட பிறகு லீவு கேளுங்கள்.

அடுத்தது கப்பல். ஏதென்ஸ்காரர்கள் சொந்த ஊருக்கும் தீவுகளுக்கும் கிளம்பும் வாரம் இது. நம் ஊர்ப் பொங்கல் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்துக்கு நேரில் போய் டிக்கெட் வாங்கலாம் என்று இருக்காதீர்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

ஏதென்ஸின் குன்றின் மேல் இருக்கும் பழங்கால அக்ரோபோலிஸை ஈஸ்டர் ஞாயிறுக்கென்று ஒதுக்கிவைப்பதும் வீண், அன்று அது மூடியிருக்கும். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் கடைகளும் இருக்காது. தண்ணீர், பால், குழந்தைக்கு வேண்டியவை எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தச் சமயத்தில் போகத் தயங்குவார்கள். எனக்கென்னவோ அவர்களுக்கு இதைவிட நல்ல வாரம் கிடையாது. ஈஸ்டர் வரை நோன்பு என்பதால் இறைச்சி, முட்டை, பால் சேராத உணவு பேக்கரிகளிலும் உணவகங்களிலும் தாராளமாகக் கிடைக்கும். 'நிஸ்டீசிமா' என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: இறாலும் கணவாயும் அந்த நோன்பு உணவில் சேர்த்தி, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையோ ஊரெங்கும் முழு ஆட்டுக்குட்டி கம்பியில் சுழலும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, நாள் முழுக்கச் சுற்றிவிட்டுச் சனி இரவு சீக்கிரம் தூங்கிவிடுவது. மொத்தத் திருநாளும் அந்த நள்ளிரவில்தான் இருக்கிறது. கோர்ஃபு தீவில் சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பால்கனிகளிலிருந்து தண்ணீர் நிரப்பிய பெரிய மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மதியம் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்கெல்லாம் ஏதாவது ஒரு தேவாலய வாசலில், கையில் பற்றவைக்காத மெழுகுவர்த்தியோடு நில்லுங்கள். விளக்குகள் அணையும். உள்ளேயிருந்து ஒரு சுடர் வரும், கைமாறிக் கைமாறித் தெரு முழுக்கப் பரவும். 12 மணிக்கு "கிறிஸ்டோஸ் அனெஸ்டி", கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், என்ற பாட்டு எழும். கூடவே வெடிச்சத்தமும் பலமாக இருக்கும், சின்னக் குழந்தைகள் இருந்தால் சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.

பாட்டு முடிந்ததும் சுடரை ஊதி அணைத்துவிடாதீர்கள். காற்றுக்குக் கையால் மறைத்து வீடு வரை கொண்டுபோவார்கள். வாசல் நிலையின் மேல் அதன் புகையால் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.