மோட்டார் தகட்டில் ‘எச்.பி.’ எண்ணை வாசிப்பது எப்படி? குதிரைத்திறன் என்ற சொல்லின் பிறப்பும் பொருளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தண்ணீர்ப் பம்பு வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, எத்தனை ஹார்ஸ் பவர் (எச்.பி.) வேண்டும் என்பதுதான். மலாயில் குவாசா குடா என்பதும் தமிழில் குதிரைத்திறன் என்பதும் அதே சொல்தான். பழைய நூல்களில் குதிரைச் சக்தி என்றும் இருக்கும். எனினும், இது ஒரு நொடிக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்ற அளவு ஆதலால், திறன் என்பதே பொருத்தமான சொல் என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டக் கோவில் திருவிழாவில் 1 குதிரைத்திறன் பம்புக்கு 1 கிலோவாட் ஜெனரேட்டர் போதும் என்று நான் கணக்குச் சொன்னேன். அன்னதானத்துக்கு உலை வைக்கும் நேரத்தில் அது உறுமி நின்றுவிட்டது. இளைஞர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். நான் செய்த பிழை எங்கே என்பது இச்சொல் பிறந்த விதத்தைப் படித்தபோதுதான் விளங்கியது.

நீராவி இயந்திரத்தைக் குதிரைகளோடு ஒப்பிடும் வழக்கத்தை 1702-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயப் பொறியாளர் தாமஸ் சேவரி எழுத்தில் வைத்துவிட்டார். அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தவர் ஜேம்ஸ் வாட். தமக்கு முந்தைய பொறியாளர் நியூகோமனின் பழைய நீராவி இயந்திரம் வைத்திருந்தோரிடம், தம் இயந்திரத்தால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெற்றுவந்த அவருக்கு, நிலக்கரியே எரிக்காமல் குதிரை கட்டி ஆலை ஓட்டியவர்களிடம் எதை வைத்துக் கணக்கிடுவது என்ற சிக்கல் எழுந்தது. 24 அடி குறுக்களவுள்ள வட்டத்தில், 180 பவுண்டு விசையோடு இழுத்தபடி, மணிக்கு 144 முறை சுற்றிவரும் ஆலைக் குதிரையைக் கொண்டு அவர் கணக்கிட்டதாகச் சொல்வார்கள். பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32,600 அடி-பவுண்டு (ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை) வரும். அதை முழு எண்ணாக்கி 33,000 என்று வைத்தார். இன்றைய அளவில் அது 746 வாட், அதாவது ஏறக்குறைய 76 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட் கணக்கில் எடுத்தது குதிரை இழுத்துக் கொடுத்த வேலையை மட்டுமே. அது தின்ற கொள்ளு அதில் சேரவில்லை. மோட்டார் தகட்டிலுள்ள எச்.பி. எண்ணும் அவ்வாறே மோட்டாரின் சுழலும் தண்டில் கிடைக்கும் வேலையைக் குறிக்கிறது. மோட்டார் தின்னும் மின்சாரம் எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே தகட்டை வாசிக்கும்போது, எச்.பி. எண்ணை 746-ஆல் பெருக்கி, வரும் விடையை மோட்டாரின் செயல்திறனால் (எடுக்கும் மின்சாரத்தில் வேலையாக மாறும் பங்கு) வகுக்க வேண்டும். செயல்திறன் நூற்றுக்கு 70 எனில், 1 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 1,066 வாட் எடுக்கும். நாளுக்கு 2 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 64 யூனிட் மின்கட்டணத்தில் ஏறும். பல பம்புகளில் பி1, பி2 என்று இரண்டு எண்கள் இருக்கும்: பி1 மின்கம்பியிலிருந்து எடுப்பது, பி2 தண்டில் கொடுப்பது. பி1 இல்லாவிட்டால், வோல்ட், ஆம்பியர், திறன் காரணி (பவர் ஃபேக்டர்) மூன்றையும் பெருக்கிக்கொள்ளலாம். 230 வோல்ட், 5.2 ஆம்பியர், 0.9 என்றிருந்தால் 1,076 வாட் வரும்.

ஜெனரேட்டர் வாங்குவோருக்கு இதுவும் போதாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்குகூட இழுக்கும். ஆகவே ஓடும்போது எடுக்கும் வாட்டைப்போல் மூன்று மடங்காவது தாங்கும் ஜெனரேட்டரை நான் தேர்ந்தெடுப்பேன். அப்போதும், பணம் கொடுக்கும் முன் பம்பை மாட்டிக் கிளப்பிப் பார்ப்பது நல்லது.

சில இயந்திரங்களில் எச்.பி. என்பதற்குப் பதில் பி.எஸ். என்றிருக்கும். அது குதிரைத்திறனைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் உயர்த்தும் அளவாக வைக்கப்பட்டதால், அதன் மதிப்பு 735.5 வாட். வீட்டுப் பம்பில் இவ்வேறுபாடு பொருட்டில்லை. 100 குதிரைத்திறன் இயந்திரத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் குறையும்.