துணுக்குச் செய்திகளைச் சோதித்துச் சேர்ப்பது எப்படி?

எந்தப் பயனும் இல்லாத, ஆனால் கேட்டவுடன் புருவத்தை உயர்த்த வைக்கும் துணுக்குச் செய்திகளைச் சேர்ப்பதில் எனக்குத் தீராத விருப்பம் உண்டு. கேட்டதையெல்லாம் அப்படியே குறித்துக்கொண்டு போனால் குறிப்பேட்டில் மெய்யும் பொய்யும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும் என்பதால், எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

கையாலேயே சோதிக்கக்கூடியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. அதற்கு ஏ4 தாளைவிடப் பொருத்தமான பொருளை நான் கண்டதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக்கினால் கிடைப்பதுதான் ஏ4. ஆகவே அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று உறையில் அச்சிடப்பட்ட தாளாக இருந்தால், ஒரு தாளின் எடை 5 கிராம் என்று கணக்கு சொல்கிறது. இருபது தாள்களைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். முள் 100 கிராமை ஒட்டி நிற்கும். அடுத்து, ஒரு தாளின் குறுகிய விளிம்பை நீண்ட விளிம்போடு பொருத்தி மடித்து, அந்தச் சாய்வான மடிப்பின் மேல் இன்னொரு தாளின் நீண்ட விளிம்பை வைத்தால் இரண்டும் ஒரே நீளமாக இருக்கும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் இரண்டின் வர்க்கமூலம் வருவதே காரணம். தாளைப் பாதியாக மடித்தாலும் அதன் வடிவ விகிதம் மாறாமல் இருப்பதும் இதனால்தான்.

அடுத்து நாட்காட்டியை எடுங்கள். ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகிய ஐந்து தேதிகளும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். 2025-இல் ஐந்தும் வெள்ளிக்கிழமையில் வந்தன. இதை நம்பச் சொல்லாமல் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்: அடுத்தடுத்த இரு தேதிகளுக்கு இடையே சரியாக 63 நாட்கள், அதாவது ஒன்பது வாரங்கள் இருக்கின்றன. காரணத்தோடு சேர்ந்து வரும் துணுக்கு எளிதில் மறக்காது என்பதால், காரணத்தையும் அதன் அருகிலேயே எழுதிவையுங்கள்.

கைக்கு எட்டாதவற்றைக் கணக்கால் சோதிக்கலாம். சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது நெடுங்காலமாக உலவும் செய்தி. சுவரின் அகலமோ சில மீட்டர். சந்திரனின் சராசரித் தொலைவோ ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர். சில கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒற்றைத் தலைமுடியைப் பார்க்க முயல்வதற்கு இது சமம். இதற்கு நேர்மாறாக, நம்பவே முடியாத ஒன்று கணக்கில் உண்மையாகிவிடுவதும் உண்டு: 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை 42 முறை மடிக்க முடிந்தால், அதன் தடிமன் சுமார் 4,40,000 கிலோமீட்டராகிச் சந்திரனையும் தாண்டிவிடும். எந்தத் தாளையும் ஏழு முறைக்கு மேல் மடிக்க முடியாது என்ற கூற்று மட்டும் பிழை; பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி, 2002-இல் மிக நீண்ட தாள் சுருளைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டினார்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சொற்களின் பொருளில்தான். வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓராண்டைவிட நீளமானது என்பார்கள். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றப் புவியின் கணக்கில் 243 நாட்களும், சூரியனைச் சுற்றிவரச் சுமார் 225 நாட்களும் ஆவதால், அந்தப் பொருளில் கூற்று சரியே. ஆனால் நாள் என்பதை ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை என்று கொண்டால், சுற்றும் திசை எதிர்மாறாக இருப்பதால் அது சுமார் 117 நாட்கள் மட்டுமே. வாழைப்பழம் பெர்ரி வகை, ஸ்ட்ராபெரி அவ்வகையல்ல என்ற துணுக்கும் தாவரவியல் வகைப்பாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு துணுக்குக்கும் மூன்று வரி ஒதுக்குங்கள்: முதல் வரியில் செய்தி, இரண்டாவதில் எந்தப் பொருளில் அது உண்மை என்ற வரம்பு, மூன்றாவதில் நீங்கள் அதைச் சோதித்த விதம். மூன்றாவது வரி வெறுமையாக இருக்கும் துணுக்கைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.