பைக் மைலேஜை ஒழுங்காக அளப்பது எப்படி? (நான் இரண்டு முறை தப்பாக அளந்த கதையுடன்)

"வண்டி எவ்வளவு தருது?" என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் "அறுபது தரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர்; வாங்கும்போது ஷோரூமில் சொன்ன எண் அது. 2022 ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் 85 காசுக்குப் போனபோதும் அதே அறுபதுதான் சொன்னேன். அடுத்த மாதமே மத்திய அரசு வரியில் 8 ரூபாய் குறைத்து விலை 102 பக்கம் இறங்கியது. 2024 மார்ச்சில் இன்னும் 2 ரூபாய் குறைந்தது. ஆனாலும் என் பெட்ரோல் செலவு குறைந்த மாதிரியே இல்லை. வீட்டுக்காரம்மா மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "அறுபது தந்தா மாசம் இவ்வளவு எப்படி ஆகும்?" என்று கேட்டபோது பதில் இல்லை.

எனக்குத் திருச்சி. வீடு திருவெறும்பூர், வேலை தில்லைநகர். போக வர 26 கிலோமீட்டர். மற்ற அலைச்சலும் சேர்த்து மாதம் 800 கிலோமீட்டர் ஓடும். அளந்து பார்த்ததில் வந்த எண் 47.8. அதை 57க்குக் கொண்டுவந்த கதைதான் இது. 100 சிசி வண்டி, பழைய கார்புரேட்டர் மாடல். உங்களுடையது எதுவானாலும் அளக்கும் முறை ஒன்றுதான்.

முதல் வேலை: டேங்க்கை நிரப்புங்கள், ஓடோமீட்டரை போட்டோ எடுங்கள்

200 ரூபாய்க்கு அடித்து, ரிசர்வ் விழும்வரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பது நம் ஊர் வழக்கம். ரிசர்வ் ஒரே இடத்தில் விழுவதில்லை. மேம்பாலம் ஏறும்போது விழுந்தால் ஒரு கணக்கு, சமதரையில் விழுந்தால் இன்னொன்று. வெறும் 2 லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி பிசகினாலே 5 சதவீதம் போச்சு. அதனால் டேங்க் நிரம்பிய நிலையில் தொடங்கி, நிரம்பிய நிலையில் முடிக்க வேண்டும்.

பங்க்கில் துப்பாக்கி தானாக "டக்" என்று நின்றதும் போதும். ஓடோமீட்டரை ஒரு போட்டோ. குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள். திரும்பவும் அதே பங்க், அதே மெஷின், அதே மாதிரி "டக்". இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ, அவ்வளவுதான் நீங்கள் எரித்தது. ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். என் கணக்கு: 214 கிலோமீட்டர், 4.48 லிட்டர். 47.8.

ரூபாயை எழுதாதீர்கள், லிட்டரை எழுதுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும். லிட்டர் மாறாது.

ஒரேயடியாக ஃபுல் டேங்க் போடக் கையில் பணம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். அதற்கும் வழி உண்டு. சம்பளம் வந்த அன்று ஒருமுறை நிரப்புங்கள். மாதம் முழுக்க வழக்கம்போல 100, 200 என்று அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷினில் காட்டும் லிட்டரைக் குறித்துவிடுங்கள். அடுத்த சம்பளத்தன்று மறுபடி நிரப்பி, முதல் நாள் நிரப்பியதை விட்டுவிட்டு மற்ற எல்லா லிட்டரையும் கூட்டினால் சரியாக வந்துவிடும்.

நான் சறுக்கிய இடம்

மேலே சொன்ன 47.8 எனக்கு மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. முதல் முயற்சியில் 200 கிலோமீட்டருக்கு 3.7 லிட்டர் பிடித்தது. 54! வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். அடுத்த 200 கிலோமீட்டருக்கு 4.65 லிட்டர். 43! நடுவில் வண்டிக்கு என்ன காய்ச்சலா வந்தது?

இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது. முதல் நாள் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிரப்பினேன். இரண்டாம் முறை பின்னால் கூட்டம், ஹாரன் சத்தம், அவசரத்தில் சைடு ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றால் டேங்க்கின் வலப்பக்கம் காற்று தங்கிவிடும். நிரம்புவதற்கு முன்பே துப்பாக்கி நின்றுவிடும். குறைவாகப் பிடித்ததால் நிறைய மைலேஜ் தந்த மாதிரி தெரிந்தது. மூன்றாம் முறை திரும்பவும் சென்டர் ஸ்டாண்ட். போன தடவை பாக்கி வைத்த கிட்டத்தட்ட அரை லிட்டரையும் சேர்த்துக் குடித்தது.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 400 கிலோமீட்டர், 8.35 லிட்டர். 47.9. ஒரு தடவை நிரப்பியதில் வரும் பிழை அடுத்த தடவையில் கழிந்துவிடுகிறது. அதனால் ஒரு டேங்க் கணக்கை நம்பாதீர்கள். மூன்று டேங்க் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொரு சறுக்கல், "ரவுண்ட்". துப்பாக்கி நின்றதும் 452 ரூபாய் காட்டும். "அண்ணே, ரவுண்டா ஐநூறு ஆக்கிடவா?" என்று கேட்டுக்கொண்டே விரல் அமுக்கிவிடும். போச்சு கணக்கு. வண்டியை நிறுத்தும்போதே, "கட் ஆனா போதும்மா, ரவுண்ட் வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். சில்லறைத் தொல்லைக்கு ஜிபே இருக்கிறது. வாய் வரை நிரப்புவதும் நல்லதில்லை. நம் ஊர் வெயிலில் பெட்ரோல் விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 100 மில்லி கூடும். அது மூடி வழியாகத்தான் கசியும்.

எழுதி வைக்க ஆப் எல்லாம் இருக்கின்றன. நான் இரண்டு போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன். பங்க்கில் போனை நோண்டிக்கொண்டு நிற்பதற்குள் பின்னால் இருப்பவர் நம் குலம் கோத்திரம் விசாரித்துவிடுவார். சீட்டுக்கடியில் ஒரு பாக்கெட் நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், வெயிலில் கசிகிறது.

அடுத்து: டயர் காற்று

என் வண்டி ஸ்டிக்கரில் முன்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 28, ஆள் ஏறினால் பின்னால் 32 என்று இருக்கிறது. உங்களுடையதைச் சங்கிலி மூடியிலோ கையேட்டிலோ பாருங்கள். என் பின் டயரில் இருந்தது 19. பார்த்தால் தெரியவே தெரியாது.

காற்றை வண்டி ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அளந்தால் டயர் சூடாகி இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பங்க்கில் காற்று இலவசம்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் மூன்று இடத்தில் அளந்தால் மூன்று எண் வருகிறது. நான் பென்சில் மாதிரி இருக்கும் சின்ன கேஜும் ஒரு கால் பம்பும் வாங்கிவிட்டேன். டிஜிட்டல் கேஜ் வேண்டவே வேண்டாம். என்னுடையது ஆறே மாதத்தில் கண்ணை மூடியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் காபிக்கு முன் இந்த வேலை.

பின் பிரேக்: யாரும் பார்க்காத திருடன்

காற்றைச் சரி செய்ததும் 51 வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றினேன், ஸ்பார்க் பிளக் மாற்றினேன். பெரிய மாற்றமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். முக்கால் சுற்று சுற்றி நின்றது. உள்ளே "சர்ர் சர்ர்" என்று தேய்க்கும் சத்தம். பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது! ஆறு மாதமாக நான் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் ஆபீஸ் போய் வந்திருக்கிறேன்.

காரணம் இதுதான். தொங்கிய செயினை இழுத்துக் கட்டப் பின் சக்கரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் கம்பியின் நீளம் மாறாது. சக்கரம் பின்னால் போனால் கம்பி பிரேக் லீவரை முன்னால் இழுத்து இறுக்கிவிடும். செயினை இறுக்கியவர் பிரேக் நட்டைத் தளர்த்த வேண்டும். எனக்குச் செய்த மெக்கானிக் மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

கம்பியின் கடைசியில் சிறகு மாதிரி ஒரு நட் இருக்கும். அதை அரைச் சுற்று தளர்த்துங்கள், சக்கரத்தைச் சுற்றுங்கள், மறுபடி அரைச் சுற்று. சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் மிதியைக் கையால் அமுக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சும்மா போன பிறகு பிடிக்க வேண்டும். தளர்த்தியதும் தெருவிலேயே மெதுவாக ஓட்டி பிரேக் போட்டுப் பாருங்கள். மைலேஜ் ஆசையில் அளவுக்கு மேல் தளர்த்திவிடாதீர்கள். செயினையும் பாருங்கள். கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தால் அதுவும் பெட்ரோலைத்தான் குடிக்கும்.

இந்த ஒன்றிலேயே 51, 55 ஆனது.

ஓட்டும் விதம்

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். டாப் கியரில் 40, 45இல் போங்கள். எங்கள் ஊர் பால்பண்ணை ஜங்ஷன் மாதிரி நீண்ட சிக்னலில் எஞ்சினை அணையுங்கள். கிளட்ச் லீவர்மேல் விரலை ஊன்றிக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள். எனக்கு இருந்தது. காந்தி மார்க்கெட் நெரிசலில் வந்த பழக்கம், வெறும் ரோட்டிலும் போகவில்லை. அதை விட்டதும் மீதி இரண்டும் சேர்ந்து வந்தது: 231 கிலோமீட்டருக்கு 4.05 லிட்டர், 57.

லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 11 காசு ஆனது 1 ரூபாய் 77 காசாகிவிட்டது. மாதம் 800 கிலோமீட்டருக்கு 270 ரூபாய் மிச்சம்.

பணத்தை வீணாக்கியவையும் உண்டு: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் ஊற்றும் குப்பி மருந்து, 100 சிசி வண்டிக்கு விலை கூடிய பிரீமியம் பெட்ரோல். விடியற்காலை அடித்தால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்பதையும் நம்பினேன். பங்க் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறாது. தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

பின்சேர்க்கை 1: ஏர் ஃபில்டரைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு வண்டி இழுக்கவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கழுவலாம் என்பது ஸ்பாஞ்ச் வகைக்கு மட்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

பின்சேர்க்கை 2: "மெக்கானிக்கிடம் மைலேஜ் செட்டிங் வைத்தேன், இப்போது எஞ்சின் கொதிக்கிறது" என்று இரண்டு பேர். கார்புரேட்டரில் ஸ்குரூவைத் திருகிப் பெட்ரோலை ரொம்பவும் குறைத்தால் அப்படித்தான் ஆகும். சூடு ஏறும், இழுவை போகும், நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள். கம்பெனி சொன்ன அளவுக்கே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிகளில் அந்த ஸ்குரூ வேலையே இல்லை.

பின்சேர்க்கை 3 (2025): எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு கிலோமீட்டர் குறைந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பில் ஓடிய காலத்தோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு மூன்று, நாலு சதவீதம் சக்தி குறையும். என் 57 இப்போது 55. பழைய எண்ணோடு சண்டை போடாமல், புதிதாக மூன்று டேங்க் அளந்து அதை உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 4: பங்க் அளவில் சந்தேகம் என்றால் சண்டை வேண்டாம். முத்திரை குத்திய 5 லிட்டர் அளவுக் குவளை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். "அதில் பிடித்துக் காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் ஒருமுறை கேட்டேன். மேனேஜர் முறைத்துக்கொண்டே எடுத்து வந்தார். அளவு சரியாகவே இருந்தது. அசடு வழிந்துகொண்டு 200 ரூபாய்க்கு அடித்துவிட்டு வந்தேன், அதை நோட்டில் எழுத மறந்து அந்த மாதக் கணக்கும் போச்சு.