ஹெர்பிஸ் ரிப்போர்ட் குழப்புகிறதா?

ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் முதலில் ஐஜிஎம் (ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) வரியை விட்டுவிடுங்கள். புதுத் தொற்றா பழையதா என்பதை அது நம்பகமாகச் சொல்லாது. பார்க்க வேண்டியது ஹெச்எஸ்வி-2 (பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உண்டாக்கும் வைரஸ்) ஐஜிஜி எண், அதாவது அந்த வைரஸுக்கு எதிரான இன்னொரு வகை ஆன்டிபாடியின் அளவு. பெரும்பாலான கிட்களில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இரண்டுங்கெட்டான். 1.1-க்கு மேல் பாசிட்டிவ் என்றுதான் அச்சாகியிருக்கும், ஆனால் 3-க்குக் கீழே இருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த இடைவெளியில் தவறான பாசிட்டிவ் நிறைய வருகிறது. பயந்துபோய் துணையிடம் சண்டைக்குப் போகுமுன், வெஸ்டர்ன் பிளாட் போல வேறு முறையில் இன்னொரு டெஸ்ட் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடலுறவுக்குப் பின் சீக்கிரமே எடுத்த நெகட்டிவ் என்றால், 12 வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்புறம், கொப்புளம் இருந்தால் ரத்த டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அது காய்வதற்குள் அங்கிருந்தே பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்து பிசிஆர் (வைரஸின் மரபணுவையே தேடும் டெஸ்ட்) செய்யச் சொல்லுங்கள்.